ஒரு விரலில் வாசித்தவர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள், இல்லாதவர்கள் சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

வழக்கமாக நடுகற்களைப் பற்றியும் பழைய ஓசூரைப் பற்றியும் எழுதுவேன். இன்று பேஸ் கிட்டாரைப் பற்றி எழுதப் போகிறேன். "சாருக்கு என்ன ஆச்சு?" என்று என் பழைய மாணவர்கள் சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. எனக்கு இசை தெரியாது, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாட்டு வகுப்புக்கு ஒரு ஆர்மோனியம் இருந்தது, அதன் துருத்தியை அழுத்தியதோடு என் சங்கீதம் முடிந்தது. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அதனால் கடந்த மூன்று வருஷமாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், கேட்டேன்.

1983-ல் இடைநிலை ஆசிரியராக ஓசூர் பக்கம் வந்தேன். அப்போது இது தருமபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். சிப்காட் வளர்ந்துகொண்டிருந்த காலம். அசோக் லேலண்ட் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. டி.வி.எஸ். மொபெட் ரோட்டில் ஓட ஆரம்பித்திருந்தது. பெரிய கம்பெனிகளுக்குப் பின்னால் சந்து சந்தாக சின்னச் சின்ன பிரஸ் ஷாப்புகள், லேத் பட்டறைகள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் பேசப்படும். என் வகுப்பில் ஒரு பையன் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ் என்று பேசுவான், மூன்றிலும் பொய் சொல்லுவான்.

அந்தக் காலத்து ஓசூரில் மெல்லிசைக் குழு நடத்துவது லேசான காரியம் இல்லை. சந்திரசூடேஸ்வரர் தேர்த் திருவிழா சமயத்தில் மேடை ஏறினால் பாதிக் கூட்டம் ராஜ்குமார் பாட்டுக் கேட்கும், பாதிக் கூட்டம் இளையராஜா பாட்டுக் கேட்கும். இரண்டும் வாசிக்கத் தெரியாத குழுவுக்கு அத்திப்பள்ளி தாண்டியும் பிழைப்பில்லை, இந்தப் பக்கமும் பிழைப்பில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி'க்கு இசையமைக்கும் முன்பு ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். வெங்கடேஷ் கன்னடப் படங்களில் கொடிகட்டிப் பறந்த இசையமைப்பாளர். ஆக, மேடைக்குக் கீழே இரண்டு கட்சியாக நின்று சண்டை போட்டவர்கள் ஒரே பட்டறையில் தொழில் கற்றவர்களின் பாட்டுக்காகத்தான் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அப்படி ஒரு குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் என் நண்பர். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பகலில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை, ராத்திரியில் கச்சேரி. என்னைவிட மூன்று வயது இளையவர். என்னை "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார், இன்றைக்கும். நான் அவருடைய கச்சேரிகளுக்கு இருபது முப்பது தடவை போயிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு தடவைகூட அவர் வாசித்தது என் காதில் விழுந்ததில்லை.

இது என் காதின் குறை மட்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் வினாடிக்கு 41 முறை அதிரும். நம் திருவிழாக்களில் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்கத் தெரியாது. பேச்சையும் பாடுகிறவரின் குரலையும் தூரத்துக்கு அனுப்பச் செய்த கருவி அது. சினிமாக் கொட்டகையும் ஏறக்குறைய அதே கதை. படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கீற்றாகப் பதிந்த மோனோ ஒலியில் அடிக்குரலும் உச்சிக்குரலும் தேய்ந்துதான் வரும். தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாடல்கள் 1978-ல் வந்த 'ப்ரியா' படத்தினுடையவை என்று சொல்வார்கள். அதைக்கூட ஸ்டீரியோவில் கேட்க வீட்டில் வசதி இருந்தவர்கள் எத்தனை பேர்? நாம் எல்லோரும் ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவிலும் டவுன் பஸ்ஸிலும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே.

மூன்று வருஷத்துக்கு முன்பு பெங்களூரில் இருக்கும் என் மகன் ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுத்தான். அதைக் காதில் மாட்டிக்கொண்டு 1980-ஐ ஒட்டி வந்த இளையராஜா பாடல்களை வரிசையாகக் கேட்டேன். 'ஜானி', 'நிழல்கள்', 'பன்னீர் புஷ்பங்கள்'. எனக்கு மனப்பாடமான பாட்டுகள். ஆனால் அடியில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது! மேலே பாடுகிறவர் ஒரு மெட்டில் போக, கீழே ஒருவர் தனியாக வேறு ஒன்றைப் பாடிக்கொண்டு போகிறார், இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல். ராஜாவின் குழுவில் பேஸ் வாசித்தவர் சசிதரன். வாத்தியக்காரர்களுக்கான பகுதிகளை ராஜா தானே ஸ்வரக் குறிப்பாக எழுதிக் கொடுப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்துப்போய், நாற்பது வருஷமாக நான் கேட்காமல் விட்டது என்ன என்று தேட ஆரம்பித்தேன். தேடிப் போனவன் டெட்ராய்ட்டில் போய் நின்றேன்.

டெட்ராய்ட் என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கார் ஊர். சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்பார்கள், அதைக் கேட்டால் ஓசூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும். அங்கே லிங்கன்-மெர்குரி கார் ஆலையின் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்த பெரி கோர்டி என்ற கறுப்பின இளைஞர், 1959-ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். வெஸ்ட் கிராண்ட் புல்வார்டில் ஒரு சாதாரண வீடு. அதற்குள்ளேயே ஒலிப்பதிவுக் கூடம். கார் எப்படி ஒவ்வொரு நிலையமாக நகர்ந்து முழுசாகிறதோ அப்படியே பாட்டையும் செய்யலாம் என்பது அவருடைய எண்ணம். எழுதுகிறவர் எழுதுவார், வாத்தியக்காரர்கள் அடித்தளம் போடுவார்கள், பாடுகிறவர் பாடுவார், கடைசியில் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம் வேறு! குவாலிட்டி கண்ட்ரோல் என்ற பெயரிலேயே. தேறாத பாட்டு ரிஜெக்ட். சிப்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும்.

அந்த வீட்டில் தினசரி வேலைக்கு வந்த வாத்தியக் குழுவுக்கு ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர். அதில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன், 1936-ல் தெற்குக் கரோலினாவில் பிறந்தவர். 1960-களில் உலகம் முழுக்க ஆடிய மோடவுன் பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் அடிக்குரல் அவருடையது. ஆனால் இசைத்தட்டு உறையில் அவர் பெயர் இருக்காது. 1971-ல் மார்வின் கே பாடிய 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் அந்தக் குழுவினரின் பெயர்களை முதன்முதலாக அச்சிட்டார்கள். நம்ம ஊர் கேசட் உறைகளை நினைத்துப் பாருங்கள். நடிகர் படம் இருக்கும், பாடகர் பெயர் இருக்கும், வாசித்தவர் பெயர் எங்கே இருந்தது?

இனி அந்த ஒலியின் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கால சோல் பாட்டுகளின் பேஸ் ஒலி இன்றைய பேஸ் ஒலி மாதிரி இருக்காது. கம்பியின் கணகணப்பு கிடையாது. ஈர மண்ணில் கட்டைக்காலை ஊன்றின மாதிரி, ஒரு "தும்". உடனே அடங்கிவிடும், ஆனால் ஸ்வரம் தெளிவாகத் தெரியும். இன்றைக்கு உலகம் முழுக்க எத்தனையோ பேர் இதை அப்படியே திரும்பக் கொண்டுவரப் படாதபாடு படுகிறார்கள். பெட்டி பெட்டியாகக் கருவி வாங்குகிறார்கள். ஜேமர்சனிடம் இருந்தது என்ன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

முதலில் கருவி. 1951-ல் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன்' பேஸை உருவாக்கினார். அதற்கு முன்பு ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான். அதில் எந்த இடத்தில் விரல் வைத்தால் எந்த ஸ்வரம் என்று காதுதான் காட்ட வேண்டும். ஃபெண்டர் கழுத்தில் கட்டைகள் பதித்தார், ஸ்வரம் துல்லியமாக நிற்கும், அதனால்தான் அந்தப் பெயர். ஜேமர்சன் டபுள் பேஸில் பழகி இதற்கு வந்தவர், கையில் இருந்தது 1962 மாடல்.

இரண்டாவது கம்பி. இப்போது கடையில் கிடைக்கும் பேஸ் கம்பியின் மேல் உருண்டைக் கம்பி சுற்றியிருப்பார்கள், தடவினால் அரம் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். அன்றைக்கு நாடா மாதிரித் தட்டையான கம்பியைச் சுற்றியிருப்பார்கள், வழவழப்பாக இருக்கும். உருண்டைச் சுற்று மின்னும், தட்டைச் சுற்று மங்கலாக ஒலிக்கும். ஜேமர்சன் தடிமனான தட்டைச் சுற்றுக் கம்பி போட்டார், அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். கம்பியில் படிந்த அழுக்கில்தான் ஃபங்க் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கையாம். எங்கள் வீட்டுச் சாம்பார்ச் சட்டியைப் பற்றி என் மாமியாருக்கும் இதே கொள்கைதான்.

மூன்றாவது ஒரு துண்டு ஸ்பாஞ்ச். கம்பிகள் முடிகிற இடத்தில் ஒரு இரும்பு மூடி, அதற்கு உள்ளே கம்பியில் பட்டும் படாமல் ஸ்பாஞ்ச். ஓசை நீளாமல் அடக்குவது அதுதான். நான்காவது, பேஸிலிருந்து வரும் ஒயரை ஆம்ப்ளிஃபயருக்குப் போகாமல் நேராக ஒலிப்பதிவு மேசைக்கே கொடுத்துவிடுவது. அறையின் எதிரொலி கிடையாது. அப்புறம் பாட்டைக் கார் ரேடியோ ஸ்பீக்கர் அளவுக்குச் சின்ன ஸ்பீக்கரில் ஓட்டிப் பார்ப்பார்களாம், கேட்கப் போகிறவர்கள் காரில்தானே கேட்கப் போகிறார்கள்.

ஐந்தாவதைப் படித்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. பேஸ் வாசிப்பவர்கள் பொதுவாக வலது கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் மாற்றி மாற்றி நடப்பது போல மீட்டுவார்கள். ஜேமர்சன் அப்படி வாசிக்கவில்லை. அத்தனை பாட்டையும் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் மீட்டினார். டபுள் பேஸ் காலத்துப் பழக்கம். அந்த விரலுக்கு 'கொக்கி' என்றே பட்டப்பெயர்.

என் கடனை இப்போது சொல்கிறேன்.

1989-ல் ஒரு நாள் இரண்டாவது ஷிஃப்டில் என் நண்பருக்கு விபத்து. இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை அழுத்தினால்தான் இறங்க வேண்டிய பிரஸ் அது. எண்ணிக்கை ஏறட்டும் என்று ஒரு பட்டனைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அந்தப் பட்டறை இப்போது இல்லை. வலது கை நடுவிரலில் இரண்டு கணு போய்விட்டது. அவருக்கு அப்போது இருபத்தேழு வயது. இழப்பீட்டுக்கு மனு எழுதிக் கொடுத்தது நான்தான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுத்தவன் நான். மனுவை மடித்துக் கொடுத்துவிட்டு, மூலையில் நின்ற பேஸ் கிட்டாரைப் பார்த்துச் சொன்னேன்: "இனிமே இது எதுக்குப்பா? வித்துட்டு ஆக வேண்டியதைப் பாரு." ஒரு ஆசிரியர் சொன்னால் கேட்கிற காலம் அது. கொல்கத்தாவில் செய்த கிவ்சன் கிட்டார். பெங்களூரில் ஒரு குழுவுக்குத் தொள்ளாயிரம் ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். இழப்பீட்டுப் பணத்தில் இரு சக்கர வாகனங்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை போட்டார். கடை நன்றாகவே ஓடியது.

விற்காமல் வைத்திருந்தாலும் வாய்ப்பு அதிகம் இருந்திருக்காது என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. 1980-களின் கடைசியில் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு நுழைந்தது. வலது கையில் வயலின், இடது கையில் பேஸ் என்று ஒரே ஆள் வாசித்துவிடுவார். ஒரு ஆள் சம்பளம் மிச்சம், வேனில் ஒரு இடம் மிச்சம். முதலில் கழன்றவர்கள் பேஸ்காரர்கள்தான். குழாய் ஸ்பீக்கரில் அவர்கள் இல்லாதது யாருக்குத் தெரியப் போகிறது?

டிஸ்கோ பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் நண்பருக்கு உயிரே அதுதான். அந்த அலையில் நம் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவர் இருக்கிறார். பிட்டு, பெங்களூரில் பிறந்தவர், இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். அங்கே ட்ரோஜன்ஸ் என்ற குழுவில் வாசித்துவிட்டு 1960-களில் இங்கிலாந்துக்குப் போனார். 1974-ல் கார்ல் டக்ளஸ் பாடிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' அவர் தயாரித்தது. இசைத்தட்டின் பின்பக்கத்துக்கு ஏதாவது வேண்டுமே என்று ஒலிப்பதிவு நேரத்தின் கடைசிச் சில நிமிஷங்களில் அவசரமாகப் பதிந்த பாட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடத்துக்குப் போனது. 1980-ல் 'குர்பானி' இந்திப் படத்தில் பதினைந்து வயது நாசியா ஹசன் பாடிய டிஸ்கோ பாட்டும் அவருடையதுதான். அது ஓடாத டேப் ரிக்கார்டர் கடை ஓசூரில் இல்லை. பிறகு 1982-ல் 'டிஸ்கோ டான்ஸர்', அதைத் தமிழில் 'பாடும் வானம்பாடி' என்று 1985-ல் எடுத்தார்கள். இதற்கு நடுவே 'சகலகலா வல்லவன்' புத்தாண்டுப் பாட்டு. அது இல்லாமல் டிசம்பர் 31 முடியாது, இன்றைக்கும்.

டிஸ்கோ பேஸ் ஒலி சோல் ஒலியின் தம்பி, ஆனால் கொஞ்சம் துடுக்கான தம்பி. ஒரே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் மாற்றி மாற்றித் தட்டுவது அதன் அடையாளம். அதில் பெரிய ஆள் ஷிக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ். 1979-ல் வந்த 'குட் டைம்ஸ்' பாட்டில் அவர் வாசித்ததை வைத்துத்தான் அதே வருஷம் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற ராப் பாட்டே எழுந்தது. அவர் கையில் இருந்தது மியூசிக் மேன் ஸ்டிங்ரே, 1976-ல் வந்தது, அதைச் செய்ததிலும் அதே லியோ ஃபெண்டரின் கை உண்டு. உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி போட்டால் ஒலி இன்னும் முன்னால் வந்து நிற்கும்.

ஜேமர்சனின் கடைசிக் காலம் நன்றாக இல்லை. மோடவுன் 1972-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. கம்பெனி ஊர் மாறினால் தொழிலாளிக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அவரும் பின்னாலேயே போனார். பிரகாசமான ஒலிக்குக் காலம் மாறியிருந்தது, கம்பியை மாற்று, புதுக் கருவி வாங்கு என்றார்கள், அவர் மாறவில்லை. குடி வேறு. 1983-ல் நிறுவனத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா தொலைக்காட்சிக்காகப் பிரமாண்டமாக நடந்தபோது அவர் டிக்கெட் வாங்கி மாடியில் உட்கார்ந்து பார்த்தார் என்று சொல்வார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் இறந்தார். வயது 47. அந்த 1962 பேஸும் திருடுபோய்விட்டது. 2000-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

படித்து முடித்த இரண்டாம் நாள் நண்பர் கடைக்குப் போனேன். ஜேமர்சனின் ஒரு விரலைப் பற்றிச் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அப்படியா" என்றார். 1989-ல் நான் சொன்னதையும் சொல்லி, தப்பு என்று சொன்னேன். "அதெல்லாம் விடுங்க வாத்தியாரே" என்றார். ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். "அந்தத் தட்டைக் கம்பி எங்கே கிடைக்கும்?"

என் பழைய மாணவன் ஒருவன் சிப்காட்டில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ் வாசிக்கிறான். ஒரு பழைய பேஸை இரவல் கொடுத்தான். முதலில் அதில் இருந்த கம்பியோடு வாசித்தோம், பாத்திரக்கடை மாதிரி ஒலித்தது. தட்டைச் சுற்றுக் கம்பியை ஆன்லைனில் வாங்கினோம். வித்தியாசம் எனக்கே தெரிந்தது, ஆனால் ஓசை நீண்டுகொண்டே இருந்தது. ஸ்பாஞ்சுக்கா பஞ்சம்? சீட் கவர் கடை! பைக் சீட்டுக்குப் போடும் கெட்டி ஃபோமை வெட்டிக் கம்பிக்கு அடியில் செருகினார். பலகையைத் தட்டின மாதிரி "தட்" என்றது, ஸ்வரமே இல்லை. மெத்தென்ற ரகத்தை விரல் கனத்துக்குச் சீவி, கம்பியை லேசாகத் தொடும்படி வைத்தார். டோன் குமிழைப் பாதிக்கு மேல் குறைத்தார். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு சின்னப் பெட்டி வாங்கி, ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் நேராகக் கம்ப்யூட்டரில் பதிந்தோம். பாஸைக் கூட்ட வேண்டாம், அது தானாக இருக்கிறது என்றான் மாணவன். கூட்டினால் குழம்பிப் போகிறது என்று நானும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் விரல். இரண்டு விரலில் பழகியவர் முப்பது வருஷத்துக்கு மேல் தொடாமல் இருந்து ஒரு விரலில் வாசிப்பது பெரிய பாடு. ஆள்காட்டி விரலில் கொப்புளம் வந்தது, உடைந்தது, காய்த்தது. வேகம் வரவில்லை. ஒரு கம்பியிலிருந்து அடுத்த தடித்த கம்பிக்குப் போகும்போது தனியாக மீட்டாமல் அதே இழுப்பில் விரலை விழவிடுவது ஒரு வழி என்று மாணவன் காட்டினான். கடை மூடிய பிறகு ராத்திரி ஒன்பதிலிருந்து பத்து வரை, நான்கு மாதம்.

போன மாதம் ஒரு ராத்திரி மாணவனின் காரில் மூவரும் உட்கார்ந்து, பதிந்ததை அந்தக் கார் ஸ்பீக்கரில் போட்டோம். 'நிழல்கள்' படத்துப் பாட்டு ஒன்று, ராமநாயக்கன் ஏரிக் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு. "தும்" என்று விழுந்து அடங்கியது. இருபது முப்பது கச்சேரியில் நான் கேட்காத ஆள் அன்றைக்கு வாசித்தது கேட்டது.

நண்பர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். "அந்த ஆளு எந்த வருஷம் செத்தாருன்னீங்க?"

"83."

"எனக்கு 89." இடது கை விரல்களை மடக்கி எண்ணினார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடியே போய்ட்டாரு."

மாணவன் பாட்டை நிறுத்தப் போனான். "நிறுத்தாதே, இரண்டாவது சரணத்தை மறுபடி போடு. அங்கே ஒரு இடத்துல தப்பு விட்டிருக்கேன்" என்றார்.